அப்பா கடலுக்குப் போனால் மகனுக்கு வயிற்று வலி

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகில் தொழில் செய்கிறேன். ஒரு முறை போனால் பத்து நாள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். என் மகனுக்குப் பத்து வயது. மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறான். காலையில் எழுந்ததும் தொப்புளைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறான். பள்ளிக்கூட நேரம் தாண்டிவிட்டால் பதினோரு மணிக்கெல்லாம் சரியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வலியே இல்லை. ஸ்கேன், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள். கேஸ் டிரபிள் என்று டானிக் கொடுத்தார்கள். என் அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார். மாசி மாதம் எங்கள் படகு இன்ஜின் ரிப்பேராகி நான்கு நாள் கரைக்குத் தகவலே இல்லாமல் கிடந்தோம். வேறு படகு கட்டி இழுத்து வந்தது. அதற்கப்புறம்தான் இது ஆரம்பித்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் நன்றாக இருந்தான், பரீட்சை எழுதினான், ஜூனில் பள்ளி திறந்ததும் போனான். இப்போது மறுபடியும் பாதி நாள் லீவு. நடிக்கிறான் என்று கோபத்தில் ஒரு நாள் அடித்துவிட்டேன். நான் கிளம்பும்போது ஐஸ் ஏற்றுகிற இடம் வரைக்கும் வந்து, இன்ஜின் சரியாக இருக்கிறதா என்று டிரைவரைக் கேட்கிறான். டீச்சர் மனநல டாக்டரிடம் காட்டச் சொல்கிறார். என் பிள்ளை என்ன பைத்தியமா, கீழ்ப்பாக்கத்துக்கா கூட்டிப்போவது என்று மனைவி அழுகிறாள். அவளும் நான் கடலில் இருந்தால் சரியாகத் தூங்குவதில்லை. பக்கத்தில் இதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறதா? எவ்வளவு செலவாகும்?
(பெயர் வேண்டாம், காசிமேடு)

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் மகன் நடிக்கவில்லை. இதை உங்கள் மனைவியிடமும் அம்மாவிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். முடிந்தால் அவனிடமும் சொல்லுங்கள்: “உனக்கு வலிக்குதுன்னு அப்பாவுக்குத் தெரியும்டா.” அடித்ததைப் பற்றித் தனியாகப் பேச உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் இந்த ஒரு வரி போதும், அவன் புரிந்துகொள்வான்.

புதிதாகப் படகேறும் பையன் முதல் நாள் வாந்தி எடுத்துக் கிடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். அவன் வயிற்றில் நோய் கிடையாது, ஸ்கேன் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. அதற்காக அந்த வாந்தியை நடிப்பு என்று படகில் யாரும் சொல்வதில்லை. பயமும் வயிற்றை இப்படித்தான் ஆட்டிவைக்கும். ஆபத்து வருகிறது என்று மூளை முடிவுசெய்தால் அட்ரினலின் சுரக்கிறது, குடலுக்குப் போகிற ரத்தம் குறைகிறது, குடலின் அசைவு மாறுகிறது. பெரியவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வயிறுதான் பேசும். தொப்புளைச் சுற்றி வலி, காலையில் வலி, விடுமுறையில் வலி இல்லை, பரிசோதனைகள் எல்லாம் சரி என்று நீங்கள் எழுதியிருக்கிற நான்கும் குழந்தைகள் பிரிவில் அடிக்கடி ஒன்றாகப் பார்க்கிற சங்கதிகள். தொப்புளை விட்டுத் தள்ளி ஒரு பக்கமாக வலித்தால், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலியாக இருந்தால், எடை குறைந்தால், காய்ச்சலோ பச்சை வாந்தியோ மலத்தில் ரத்தமோ இருந்தால் கதை வேறு. அப்போது மறுபடியும் குழந்தை டாக்டரிடம்தான் போக வேண்டும்.

அடுத்து, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரி. தடைக்காலத்தில் நன்றாக இருந்தான் என்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் உங்கள் படகு கரையில் நின்றது. அந்த நாட்களுக்குள்தான் அவன் ஆண்டுப் பரீட்சை எழுதினான், அதற்குள்தான் பள்ளியும் திறந்தது. அதே பள்ளி, அதே பிள்ளைகள், பரீட்சை வேறு. அப்போதெல்லாம் வயிறு வலிக்கவில்லை. படகு மறுபடி கடலில் இறங்கியதும் வலிக்க ஆரம்பித்தது. ஆகவே அவன் பயப்படுவது பள்ளிக்கூடத்துக்கு அல்ல என்றே நினைக்கிறேன். அந்த நான்கு நாள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் கடலில் இருந்தீர்கள். அவன் பார்த்தான். அம்மா துறைமுகத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்ததை, பாட்டி அழுததை, அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசியதை. இப்போது நீங்கள் கிளம்பினால் அவன் வீட்டில் காவல் இருக்கிறான். தான் பள்ளியில் இருக்கும்போது ஏதாவது தகவல் வந்துவிட்டால்? அம்மா தனியாக இருப்பாளே? பத்து வயதுப் பையன் இதை வாயால் சொல்ல மாட்டான். அவனிடம் அதற்கான பேச்சு இல்லை, வயிறு இருக்கிறது. இன்ஜினைப் பற்றி டிரைவரிடம் கேட்கிறான் பாருங்கள், அவன் வாய்விட்டுச் சொன்னது அது ஒன்றுதான்.

பிரிவுப் பதற்றம், பள்ளி மறுப்பு என்று மருத்துவத்தில் இதற்குப் பெயர்கள் உண்டு. வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றுவது வேறு. இந்தப் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே, அம்மா கண்ணெதிரே இருப்பார்கள்.

இதையே முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கடிதத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன். பள்ளியில் யாராவது அடிக்கிறார்களா, பெரிய பையன்கள் மிரட்டுகிறார்களா, பாடத்தை வாசிக்கத் தடுமாறுகிறானா, யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டார்களா என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும். நேருக்கு நேர் உட்காரவைத்து விசாரித்தால் பதில் வராது. வலை பின்னும்போதோ சைக்கிளில் உட்காரவைத்துப் போகும்போதோ கேளுங்கள். ஆசிரியர் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடைசெய்துவிட்டது. தொடுதல் பற்றி ஏதாவது சொன்னால் குறுக்கு விசாரணை செய்யாமல் 1098-க்குக் கூப்பிடுங்கள். வாசிப்பில்தான் சிக்கல் என்றால் அதற்கும் அரசாங்கத்தில் வழி இருக்கிறது: சோதித்துச் சான்றிதழ் வாங்கினால் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் கிடைக்கும். 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது.

இனி ஆஸ்பத்திரி விஷயம். கீழ்ப்பாக்கம் வரைக்கும் போக வேண்டியதே இல்லை. ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் ஸ்டான்லி இருக்கிறது. உங்கள் அம்மா வயதுக்காரர்கள் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்களே, அதுதான். பிரசவத்துக்கும் அடிபட்டதற்கும் போகிற அதே ஆஸ்பத்திரியில் மனநலத் துறையும் இருக்கிறது, வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள். ஓ.பி. சீட்டு காலையில்தான் போடுவார்கள், சீக்கிரம் போய்விடுவது நல்லது. சீட்டு போடும்போதே குழந்தைகளைப் பார்க்கிற நாள் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணம் எதுவும் கட்ட வேண்டாம், மாத்திரையும் இலவசம். உங்களுக்குச் செலவென்றால் ஆட்டோ காசும், உங்கள் மனைவி வியாபாரம் செய்கிறவர் என்றால் அதில் ஒரு நாள் போவதும்தான்.

மனநலம் என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே உட்கார மனைவிக்கு மனசு வரவில்லை என்றால் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே வருகிற எல்லோர் கையிலும் ஒரு குழந்தை இருக்கும், எந்த வியாதிக்கு வந்தார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. குழந்தைகள் வழிகாட்டுதல் பிரிவு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர்.

கீழ்ப்பாக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வாய்த்தகராறு வந்தால் “கீழ்ப்பாக்கம் கேஸு” என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே பழகிவிட்டோம். அந்த வசவு எத்தனை பேரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுத்தது என்று கணக்கெடுத்தால் வெட்கக்கேடாக இருக்கும். 1794-இல் தொடங்கிய பழைய மனநல மருத்துவமனை அது. இன்றைக்கு அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் காலையில் வந்து டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். குழந்தைகளையும் பார்க்கிறார்கள். உங்கள் மகனுக்கு அட்மிஷன் என்ற பேச்சே வரப்போவதில்லை. என்றாலும் உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும்: 2017-ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பெரியவர்கள் வார்டில் சேர்க்கக்கூடாது, கூடவே வீட்டார் ஒருவர் இருக்க வேண்டும். சிகிச்சை விவரத்தை வெளியில் சொல்லவும் கூடாது. பள்ளிக்கோ அக்கம்பக்கத்துக்கோ தானாக எந்தத் தகவலும் போகாது.

பைத்தியமா என்ற கேள்விக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2015-16-இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பதின்மூன்றிலிருந்து பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. பெருநகரங்களில் மட்டும் பார்த்தால் பதின்மூன்று பேருக்கு மேல். உங்கள் மகன் அந்த வயதைவிடச் சின்னவன். ஆனாலும் அவனுடைய பள்ளிக்கூடத்தில் அவன் ஒருவன்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம்.

முதல் நாள் என்ன நடக்கும்? அரசு ஆஸ்பத்திரிக் கூட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். டாக்டர் சில நிமிடம் பார்ப்பார், தேவையான கேள்விகளைக் கேட்பார். அப்போது “உளவியலாளரிடம் பேச வேண்டும், எழுதிக் கொடுங்கள் டாக்டர்” என்று நீங்களே கேளுங்கள், தயங்க வேண்டாம். அங்கேதான் விரிவாகப் பேச நேரம் கிடைக்கும். பையனிடம் தனியாகப் பேசுவார்கள், படம் வரையச் சொல்வார்கள், விளையாடவிட்டுப் பார்ப்பார்கள். பெற்றோரிடம் தனியாகக் கேட்பார்கள். அவனை வைத்துக்கொண்டே “இவனால் எங்க மானம் போவுது” என்று ஆரம்பிக்க வேண்டாம் என்று வீட்டில் முன்னாலேயே சொல்லிவையுங்கள். இரண்டாவது மூன்றாவது தடவையில்தான் பிடி கிடைக்கும், முதல் தடவையோடு விட்டுவிடாதீர்கள்.

போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வீட்டுக் காலண்டரையும் கழற்றி எடுத்துப் போங்கள். ஐஸ் கம்பெனியோ வலைக்கடையோ கொடுத்த மாதக் காலண்டர் சுவரில் ஒன்று தொங்குமே. அதில் நீங்கள் கடலில் இருந்த நாட்களை நீல மையில் வட்டம் போடுங்கள், அவன் பள்ளிக்குப் போகாத நாட்களைச் சிவப்பில். மாசியிலிருந்து போட்டுக்கொண்டு வாருங்கள். நான் நினைப்பது சரியாக இருந்தால் சிவப்பு வட்டங்கள் நீலத்துக்குள்ளேயே விழும், நீங்கள் கிளம்பிய மறுநாளும், திரும்ப வேண்டிய நாள் தாண்டினாலும் நெருக்கமாக விழும். அப்படி இல்லாமல் சிவப்பு எல்லாம் திங்கட்கிழமையிலோ குறிப்பிட்ட ஒரு வகுப்பு இருக்கிற நாளிலோ விழுந்திருந்தால், பள்ளிக்குள் என்ன என்று தேட வேண்டும். டாக்டர் கேட்கிற பாதிக் கேள்விக்கு அந்தக் காலண்டரே பதில் சொல்லிவிடும்.

உங்கள் மனைவி தூங்குவதில்லை என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். எனக்கு அது பையனின் வயிற்று வலிக்குக் குறைந்த விஷயமாகப் படவில்லை. அந்த நான்கு நாளை அவர் முழுசாகக் கரையில் நின்று அனுபவித்தவர். ராத்திரி அம்மா புரண்டு புரண்டு படுப்பதைப் பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கும். மகனுக்குச் சீட்டு போடும்போது அவருக்கும் ஒன்று போட்டுவிடுங்கள், அதே துறையில் அவரையும் பார்ப்பார்கள். அவர் தேறினால் பையனுக்குப் பாதி பாரம் இறங்கும். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத நேரத்தில், நடுராத்திரியில்கூட, 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். டெலி மனாஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை. நீங்கள் கடலில் சிக்னல் இல்லாமல் இருக்கிற நாட்களுக்கு இந்த எண் அவர் போனில் இருக்கட்டும்.

நீங்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. என்றைக்காவது பையன் தூங்கிக்கொண்டிருக்கும்போது ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்ப நேர்ந்தாலும் சொல்லாமல் போகாதீர்கள். எழுந்தால் அழுவான் என்று இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் விழித்துப் பார்த்தால் அப்பா இல்லை என்பது அவன் பயத்துக்குத் தீனி. எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள். அழட்டும், பரவாயில்லை. “சரியா பத்தாம் நாள் வந்துருவேன்” என்று சத்தியம் செய்ய வேண்டாம், கடல் உங்கள் சத்தியத்தைக் காப்பாற்றாது. “பத்து நாள் ஆகும், காத்து ஜாஸ்தியா இருந்தா ரெண்டு நாள் கூட ஆகும், லேட்டானா ஆபத்துன்னு அர்த்தம் இல்லை” என்று சொல்லுங்கள். கரையில் நிற்கிற நாளில் படகில் ஏற்றி லைஃப் ஜாக்கெட், வயர்லெஸ், ஜி.பி.எஸ். எல்லாவற்றையும் காட்டுங்கள். படகு இருக்கிற இடத்தைக் காட்டுகிற டிரான்ஸ்பாண்டரை அரசு பொருத்தித் தந்திருந்தால் அதையும் காட்டி, என்ன வேலை செய்கிறது என்று டிரைவரையே சொல்லச் சொல்லுங்கள். நாள் தாண்டினால் அம்மா யார் யாருக்குப் போன் செய்வாள் என்பதை, கடலோரக் காவல் படையின் 1554 உட்பட, ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டுங்கள். காவல் இருக்கிற வேலையை அவனிடமிருந்து வாங்கிப் பெரியவர்கள் கையில் கொடுக்கத்தான் இவ்வளவும்.

இதோடு பள்ளிக்குத் திரும்புவதும் நடக்க வேண்டும். வயிறு முழுசாகச் சரியாகட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று காத்திருந்தால் அவன் போகவே மாட்டான். வீட்டில் இருக்கிற ஒவ்வொரு நாளும் வகுப்பறையை இன்னும் தூரமாக்கிவிடும். அதற்காக இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் தள்ளவும் வேண்டாம். மாநகராட்சிப் பள்ளி என்பது உங்களுக்கு வசதியாகப் போயிற்று, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் காலை உணவு இருக்கிறது. முதல் சில நாள் அதற்கு மட்டும் போகட்டும். சாப்பிடாவிட்டாலும் தட்டோடு வரிசையில் நின்றுவிட்டு வரட்டும். அடுத்து முதல் பீரியட் வரை, பிறகு மதியச் சாப்பாடு வரை, பிறகு முழு நாள். தலைமையாசிரியரிடமும் வகுப்பு ஆசிரியரிடமும் இதைச் சொல்லி ஒத்துக்கொள்ள வையுங்கள். மனநல டாக்டரிடம் காட்டச் சொன்ன டீச்சர் மறுக்க மாட்டார், அவரை எனக்குப் பார்க்காமலே பிடித்துவிட்டது. பகலில் ஒரு தடவை ஆபீஸ் போனில் அம்மாவிடம் பேச அனுமதி கேளுங்கள். ஒன்றே ஒன்று, அதுவும் குறித்த நேரத்தில்.

பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதை அம்மா செய்ய வேண்டாம். அம்மாவிடமிருந்து பிரிவதுதான் அவனுக்குக் கஷ்டமே. உங்கள் மச்சானோ சித்தப்பா முறையில் யாரோ பக்கத்தில் இருந்தால் அவர் கூட்டிப் போகட்டும். போகாமல் வீட்டில் நின்றுவிட்டால் திட்டு வேண்டாம், அடி வேண்டாம், செல்போனும் டி.வி.யும் வேண்டாம், அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போவதும் வேண்டாம். பள்ளி விடுகிற நேரம் வரை வீடு சலிப்பாக இருக்கட்டும். உங்கள் அம்மாவுக்கு இது கல்நெஞ்சமாகத் தெரியும். “வலிக்குதுன்னு சொல்ற புள்ளய” என்று ஆரம்பிப்பார். கயிறு இருக்கட்டும், கழற்றச் சொல்லவில்லை. கயிறு கட்டியாயிற்று என்று ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி.

மருந்து பற்றி: இந்த வயதில் இந்தப் பிரச்சினைக்குப் பேச்சும் பழக்கமும்தான் முதல் சிகிச்சை. அதில் கேட்காமல் பதற்றம் கடுமையாக இருந்தால் டாக்டர் மாத்திரை தரலாம். தந்தால் அது தூக்க மாத்திரை என்று யாராவது சொல்வதைக் கேட்டு நடுவில் நிறுத்திவிடாதீர்கள், சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே கேளுங்கள். “செத்துப்போயிடலாம் போல இருக்கு” என்கிற மாதிரி பேசினாலோ, சாப்பாடு தூக்கம் இரண்டும் நின்றுபோனாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ ஓ.பி. நேரம் பார்க்க வேண்டாம், ஸ்டான்லி அவசரப் பிரிவுக்கு எந்த நேரத்திலும் போகலாம்.

இந்தப் பதிலைப் படிக்கிறபோது நீங்கள் கரையில் இருந்தால் நாளைக் காலையே மூன்று பேரும் போங்கள். கடலுக்குக் கிளம்புகிற நேரமாக இருந்தால், நீங்கள் திரும்பி வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். உங்கள் மனைவியும் மச்சானும் முதல் தடவை கூட்டிப் போகட்டும், அடுத்த தடவைக்கு நீங்கள் கரையில் இருக்கிற நாளாகப் பார்த்துத் தேதி கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பழைய சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், பையனுடைய ஆதார், காலண்டர், ஒரு தண்ணீர் பாட்டில். காத்திருக்க வேண்டியிருக்கும், அவனுக்குச் சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும்.